எதிலிருந்து ஏறியது? சதவீத உயர்வுக் கணக்குப் போடும் முறை

"ஒரு சேலையின் விலை 800 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. உயர்வு எத்தனை சதவீதம்?"

எங்கள் ஊர் நூலக மாடியில் சாயங்காலம் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். புது ஆட்கள் வந்து உட்காரும் முதல் நாளில் பலகையில் எழுதுவது இந்தக் கணக்கைத்தான். சிலர் 25 என்பார்கள். கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் 20 என்பார்கள். இருபது சொன்னவர்களின் நோட்டை வாங்கிப் பார்த்தால் கழித்தல் சரியாக இருக்கும், வகுத்தலும் சரியாக இருக்கும். 200-ஐ 800-ஆல் வகுப்பதற்குப் பதில் 1,000-ஆல் வகுத்திருப்பார்கள். ஆயிரத்தால் வகுப்பது சுலபம், கை தானாக அங்கே போய்விடுகிறது.

தேர்வில் கொடுக்கும் விடைகளில் 20-ம் இருக்கும், 25-ம் இருக்கும். நாம் எங்கே சறுக்குவோம் என்று கேள்வி எடுப்பவருக்குத் தெரியும். குரூப் 4 தாளின் 200 கேள்விகளில் 25 கேள்விகள் திறனறிவுப் பகுதி. கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். சதவீதம் தனித் தலைப்பாகவும் வரும், வட்டிக் கணக்குக்குள்ளும் பரப்பளவுக் கணக்குக்குள்ளும் ஒளிந்துகொண்டும் வரும். அதனால் இந்த ஓர் அடியைச் சரியாக வைத்தால் நாலைந்து இடத்தில் பலன் கிடைக்கும்.

சதவீதம் என்றால் நூற்றுக்கு இவ்வளவு. எந்த நூற்றுக்கு என்று கேட்காமல் பேனாவை எடுக்காதீர்கள். உயர்வுக் கணக்கில் அந்த நூறு எப்போதும் பழைய அளவுதான். சேலைக் கணக்கில் 800 ரூபாயைத்தான் நூறு பங்காக வெட்டுகிறோம். ஒரு பங்கு 8 ரூபாய். ஏறிய 200 ரூபாய்க்குள் அப்படி எத்தனை பங்கு இருக்கிறது? இருபத்தைந்து. இதைப் புரிந்துகொண்டவர்களுக்குச் சூத்திரம் மறந்தாலும் விடை வரும்.

பழைய அளவை வேற்றுமை உருபு காட்டிக்கொடுக்கும்

வாக்கியக் கணக்கில் பலருக்கு இருக்கும் பயம் எண்களால் வருவதல்ல. எந்த எண் பழையது, எது புதியது என்ற குழப்பம்தான் காரணம். தமிழில் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் உருபைப் பாருங்கள்.

"800 ரூபாயிலிருந்து" என்று வந்தால் அது பழைய அளவு. "1,000 ரூபாயாக" என்றோ "1,000 ரூபாய்க்கு ஏறியது" என்றோ வந்தால் அது புதிய அளவு. ஒன்றும் ஒட்டாமல் "200 ரூபாய் ஏறியது" என்று வெறுமனே நின்றால் அது வித்தியாசம். "800 ரூபாய் உயர்ந்தது", "800 ரூபாயாக உயர்ந்தது" இரண்டுக்கும் நடுவே ஓர் "ஆக"தான் இருக்கிறது, ஆனால் கணக்கே வேறு. அவசரத்தில் படிக்கும் கண் அந்த "ஆக"வைத் தாண்டிப் போய்விடும்.

இலக்கணப் பகுதிக்கும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு இன்னொன்று சொல்வேன். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள் படிக்கிறோம் அல்லவா? அதில் நீங்கல், ஒப்பு இரண்டும் சதவீதக் கணக்கில் பழைய அளவைக் காட்டும் அடையாளங்கள். விலை எதை விட்டு நீங்கி ஏறியதோ அது அடி எண். எதோடு ஒப்பிடுகிறோமோ அதுவும் அடி எண். "காக்கையின் கரிது களம்பழம்", அதாவது காக்கையைவிடக் கறுப்பு களாப்பழம் என்பதில் ஒப்பீட்டுக்கு நிற்பது காக்கை. இன்றைய தமிழில் அந்த வேலையை "விட" என்ற சொல் செய்கிறது. "அண்ணனின் சம்பளம் தம்பியின் சம்பளத்தைவிட 25 சதவீதம் அதிகம்" என்றால் "விட"வுக்கு முன்னால் இருக்கும் தம்பியின் சம்பளம்தான் நூறு. "இலிருந்து", "விட" இரண்டையும் கண்டவுடன் அடிக்கோடு போடச் சொல்வேன். முதல் வாரம் எல்லாருக்கும் இது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும். இரண்டாம் வாரத்தில் தானாகவே கோடு போடுவார்கள்.

எண்கள் வரும் வரிசையை மட்டும் நம்பாதீர்கள். "இப்போது 1,000 ரூபாய்க்கு விற்கும் சேலை சென்ற ஆண்டு 800 ரூபாய்" என்று புதியதை முன்னால் சொல்வார்கள். "சேலையின் விலை 1,000 ரூபாய், இது சென்ற ஆண்டைவிட 200 ரூபாய் அதிகம்" என்று பழைய அளவைச் சொல்லாமலே விடுவார்கள். அங்கே 800 உங்கள் கண்ணில் படாது, நீங்கள்தான் கழித்து எடுக்க வேண்டும். 200-ஐ 1,000-ஆல் வகுத்து மாட்டிக்கொள்கிற இடம் இதுதான்.

போடும் முறை

1. கேள்வியை இரண்டு தரம் படியுங்கள். ஓரத்தில் "பழசு", "புதுசு" என்று எழுதி நேரே எண்ணைப் போடுங்கள். இரண்டும் ஒரே அலகில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று கிராமிலும் மற்றது கிலோவிலும் இருந்தால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

2. புதுசிலிருந்து பழசைக் கழியுங்கள்: 1,000 − 800 = 200.

3. வித்தியாசத்தைப் பழசால் வகுங்கள்: 200 ÷ 800 = 1/4.

4. நூறால் பெருக்குங்கள்: 25 சதவீதம்.

5. திரும்பப் போட்டுப் பாருங்கள். 800-இல் 25 சதவீதம் 200. கூட்டினால் 1,000 வருகிறது. யாராவது 20 என்று வைத்திருந்தால் இந்த இடத்திலேயே 160 தான் வரும், 960-இல் நின்றுவிடும். ஐந்து வினாடி வேலை, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படியில் தசமத்துக்குப் போகாமல் பின்னமாகவே வைத்துச் சுருக்குவது நல்லது. தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது. அரை 50, மூன்றில் ஒன்று 33⅓, கால் 25, ஐந்தில் ஒன்று 20, ஆறில் ஒன்று 16⅔, அரைக்கால் (எட்டில் ஒன்று) 12½. இவை நாக்கு நுனியில் இருக்க வேண்டும். ஏழில் ஒன்று 14 2/7 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கணக்கில் வரப்போகிறது.

பெரிய எண் வந்தால் என்ன செய்வது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2001-இல் 6,24,05,679. 2011-இல் 7,21,47,030. இதை அப்படியே வகுக்க உட்கார்ந்தால் நேரம் போய்விடும். இலட்சத்தில் எழுதினால் பழசு 624, வித்தியாசம் சுமார் 97.4. இனி பங்கு பங்காக எடுங்கள். 624-இல் 10 சதவீதம் 62.4. அதில் பாதி, 5 சதவீதம், 31.2. இரண்டும் சேர்ந்து 93.6 ஆயிற்று. பாக்கி 3.8. ஒரு சதவீதம் என்பது 6.24 ஆகையால் 3.8 என்பது சுமார் 0.6 சதவீதம். ஆக 15.6 சதவீதம். பத்து, பாதி, ஒன்று என்று இறங்கும் இந்த முறையை மளிகைக் கடைப் பில் பார்க்கும்போதும் பழகலாம். வகுத்தல் பயம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல கைப்பிடி நான் கண்டதில்லை.

"உயர்ந்த பிறகு" என்று வரும் கணக்கு

இதில்தான் நன்றாகப் படிக்கிறவர்களும் விழுகிறார்கள். "15 சதவீத உயர்வுக்குப் பிறகு ஒருவரின் சம்பளம் 9,200 ரூபாய். உயர்வுக்கு முன் எவ்வளவு?"

எங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். துணிக்கடையில் வேலை முடித்து, பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வருவார். இந்தக் கணக்கைக் கொடுத்ததும் மளமளவென்று போட்டார். 9,200-இல் 15 சதவீதம் 1,380. கழித்தால் 7,820.

"சரி அக்கா, அந்த 7,820-க்கு 15 சதவீதம் கூட்டிப் பாருங்க."

போட்டார். 782, அதில் பாதி 391, இரண்டும் சேர்த்து 1,173. கூட்டினால் 8,993. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சார், முதலாளி பழைய சம்பளத்துக்குத்தானே 15 போட்டார்? நான் புதுச் சம்பளத்துல போய் 15 எடுத்துட்டேன்" என்றார். நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

வழி இதுதான். பழைய சம்பளத்தை 100 என்று வையுங்கள். 15 ஏறினால் 115. அந்த 115 பங்குதான் 9,200 ரூபாய். அப்படியானால் ஒரு பங்கு 80 ரூபாய், நூறு பங்கு 8,000 ரூபாய். ஜிஎஸ்டி சேர்த்த விலையிலிருந்து பொருளின் விலையைக் கண்டுபிடிப்பதும் இதே கணக்கு. 18 சதவீத வரி சேர்ந்த தொகை என்றால் உங்கள் கையில் இருப்பது 118 பங்கு. அதில் 18 சதவீதம் கழிக்கக் கூடாது, 118-ஆல் வகுத்து நூறால் பெருக்க வேண்டும்.

"100 என்று வை" என்ற பழக்கம் வந்துவிட்டால் பல கணக்குகள் பல்லைக் காட்டிவிடும். அண்ணன் சம்பளம் தம்பியைவிட 25 சதவீதம் அதிகம் என்று பார்த்தோம். தம்பியின் சம்பளம் அண்ணனைவிட எத்தனை சதவீதம் குறைவு? தம்பி 100, அண்ணன் 125. வித்தியாசம் 25. இப்போது "விட"வுக்கு முன்னால் அண்ணன் வந்துவிட்டார், எனவே 25 ÷ 125, அதாவது 20 சதவீதம். ஏறிய வழியில் 25, இறங்கிய வழியில் 20. கடையில் "அதே விலைக்கு 25 சதவீதம் கூடுதல்" என்று எழுதிய பாக்கெட்டும் அப்படித்தான், ஒரு கிராமின் விலையைப் பார்த்தால் 20 சதவீதத் தள்ளுபடி. சர்க்கரை விலை 25 சதவீதம் ஏறினால் செலவு ஏறாமலிருக்க எத்தனை சதவீதம் குறைத்து வாங்க வேண்டும் என்ற பிரபலமான கேள்விக்கும் விடை அதே 20.

இரண்டு தடவை ஏறினால்

நூறு நாள் வேலைக்கு மத்திய அரசு தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 2023-24-இல் 294 ரூபாய். 2024-25-இல் 319. 2025-26-இல் 336. முதல் உயர்வு 25 ரூபாய்: 25 ÷ 294, சுமார் 8.50 சதவீதம். இரண்டாவது 17 ரூபாய். இதை எதால் வகுப்பது? 294-ஆல் அல்ல, 319-ஆல். அந்த ஏற்றம் 319-இலிருந்துதானே தொடங்கியது. சுமார் 5.33 சதவீதம்.

இரண்டு ஆண்டிலும் சேர்த்து எவ்வளவு? 8.50-ம் 5.33-ம் கூட்டினால் 13.83. நேராகப் போட்டால் 336 − 294 = 42. 42 ÷ 294 சரியாக ஏழில் ஒன்று, அதாவது 14 2/7, சுமார் 14.29. கூட்டல் விடை கொஞ்சம் குறைகிறது. காரணம், இரண்டாவது ஏற்றம் முதல் ஏற்றத்தில் வந்த 25 ரூபாயின் மேலும் விழுந்திருக்கிறது. கூட்டு வட்டியில் வட்டிக்கு வட்டி வருகிறதே, அதேதான் இதுவும். அதனால் தொடர் உயர்வில் இரண்டு சதவீதங்களையும் கூட்டி, அவற்றைப் பெருக்கி 100-ஆல் வகுத்ததையும் சேர்க்க வேண்டும். 8.50 × 5.33 ÷ 100 சுமார் 0.45. சேர்த்தால் 14.28. இரண்டாம் தசமத்தில் வரும் சின்ன வித்தியாசம் முன்பே முழுமையாக்கியதால் வந்தது. முழு எண்ணில் பார்க்க வேண்டுமானால் 10-ம் 20-ம் தொடர்ந்து ஏறினால் 30 அல்ல, 32.

ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் இறங்குவதற்குக் கழித்தல் குறி போடுங்கள். 20 ஏறி 20 இறங்கினால் பழைய இடத்துக்கு வந்துவிட்டோம் என்று தோன்றும். 100 ரூபாய் 120 ஆகி, அந்த 120-இல் 20 சதவீதமான 24 குறைந்து 96-இல் நிற்கும். 4 சதவீத நஷ்டம். சதுரத்தின் பக்கம் 10 சதவீதம் கூடினால் பரப்பளவு எவ்வளவு கூடும் என்பதும் இந்த வகைதான்: 10 × 10 = 100, 11 × 11 = 121, ஆக 21 சதவீதம்.

மூன்றா, ஆறா, இரண்டா?

"அகவிலைப்படி 3 சதவீதம் உயர்வு" என்று செய்தி பார்த்திருப்பீர்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2024 ஜூலை 1 முதல் அகவிலைப்படி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதத்திலிருந்து 53 சதவீதமாக உயர்ந்தது. ஏழாவது ஊதியக் குழுவின்படி குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். அந்த ஊழியருக்கு என்ன நடந்தது என்று காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்.

பழைய அகவிலைப்படி 9,000 ரூபாய். புதியது 9,540 ரூபாய். கையில் கூடுதலாக வந்தது 540 ரூபாய். இந்த 540-ஐ அடிப்படைச் சம்பளமான 18,000-ஆல் வகுத்தால் 3 சதவீதம். பழைய அகவிலைப்படியான 9,000-ஆல் வகுத்தால் 6 சதவீதம். மற்றப் படிகளை விட்டுவிட்டு, அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த 27,000-ஆல் வகுத்தால் 2 சதவீதம். அதே 540 ரூபாய்தான், மூன்று விடை. மூன்றும் சரி. கேள்வி எதைக் கேட்கிறது என்பதுதான் விடையை முடிவுசெய்யும். "அகவிலைப்படித் தொகை எத்தனை சதவீதம் உயர்ந்தது?" என்றால் 6. "மொத்தச் சம்பளம் எத்தனை சதவீதம் உயர்ந்தது?" என்றால் 2.

ஒரு சதவீதம் இன்னொரு சதவீதமாக மாறும்போது வெறுமனே கழித்து வரும் எண்ணைச் "சதவீதப் புள்ளி" என்று சொல்வது வழக்கம். 50-க்கும் 53-க்கும் இடையே 3 சதவீதப் புள்ளி. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்து, படிப்படியாக ஏறி 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமானது. ஏறியது 2.5 சதவீதப் புள்ளி. ஆனால் சதவீத உயர்வு 2.5 ÷ 4, அதாவது 62.5 சதவீதம். ஒரே செய்தியை ஒருவர் சின்னதாகவும் இன்னொருவர் பயங்கரமாகவும் சொல்ல முடிகிற இடம் இது. செய்தி படிக்கும்போதும் "எதில் இத்தனை சதவீதம்?" என்று கேட்கப் பழகுங்கள், தேர்வுக்குத் தனியாகப் பழக வேண்டியிருக்காது.

சின்னதாக இரண்டு விஷயம் பாக்கி. விலை 40-இலிருந்து 100 ஆனால் உயர்வு 150 சதவீதம். புதிய விலை பழையதில் 250 சதவீதம், ஆனால் உயர்வில் அந்த முதல் நூறு சேராது. அதனால் "இரண்டு மடங்கானது" என்றால் 100 சதவீத உயர்வு, "மூன்று மடங்கானது" என்றால் 200. இன்னொன்று, பழைய அளவு பூஜ்யமாக இருந்தால் சதவீத உயர்வு என்று ஒன்று கிடையாது. சென்ற மாதம் ஒன்றும் விற்கவில்லை, இந்த மாதம் ஐந்து விற்றது என்றால் ஐந்து கூடியது என்று மட்டும்தான் சொல்லலாம். நூறு பங்காக வெட்ட அங்கே ஒன்றுமே இல்லை.

நீங்களே போட்டுப் பாருங்கள்

விடையைப் பார்க்காமல், ஓரத்தில் பழசு, புதுசு எழுதிப் போடுங்கள்.

அ) வீட்டு வாடகை 6,900 ரூபாய். இது சென்ற ஆண்டைவிட 900 ரூபாய் அதிகம். உயர்வு எத்தனை சதவீதம்?

ஆ) 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ஒரு மேசையின் விலை 2,950 ரூபாய். வரி எவ்வளவு?

இ) சதுரத் தோட்டத்தின் பக்கம் 30 சதவீதம் கூட்டப்பட்டது. பரப்பளவு எத்தனை சதவீதம் கூடும்?

ஈ) தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 2001-இல் 73.45 சதவீதம், 2011-இல் 80.09 சதவீதம். எத்தனை சதவீதப் புள்ளி உயர்வு? எத்தனை சதவீத உயர்வு?

விடைகள்: அ) பழசு 6,000, எனவே 15 சதவீதம். 13 வந்திருந்தால் 6,900-ஆல் வகுத்திருக்கிறீர்கள். ஆ) 118 பங்கு 2,950 என்றால் ஒரு பங்கு 25, வரி 450 ரூபாய். 531 வந்திருந்தால் துணிக்கடை அக்கா முதலில் போட்டது போலப் போட்டிருக்கிறீர்கள், மறுபடி அந்தப் பகுதிக்குப் போங்கள். இ) 30 + 30 + 9, 69 சதவீதம். ஈ) 6.64 சதவீதப் புள்ளி. சதவீத உயர்வு 6.64 ÷ 73.45, சுமார் 9.04.